இரண்டு பக்கத்துப் பிள்ளை

ஜீப் வருகிற சத்தம் கேட்டதும் நேசமலர் மகனைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினிக்குள் விட்டாள். கதவை மட்டும் சாத்தவில்லை. சாத்தினால் பிள்ளையை ஒளிக்கிறாள் என்பார்கள். சாத்தாவிட்டால் வெட்கமில்லாமல் காட்டுகிறாள் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு அவளும் புருஷன் வீரகத்தியும் வந்து ஆறு வருஷம். வயலும் மேட்டுக்காணியும் வீடும் அரசாங்கம் கொடுத்தது. மிச்சத்தையெல்லாம் அயல் கொடுத்தது.

பிள்ளைக்கு நாலு வயது. யோகநாதன் என்று பெயர். தலைமயிர் புது வைக்கோல் நிறம். தோல் உரித்த நுங்கின் நிறம். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றால் சிவந்து கொப்புளம் போடும். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் ஆடிக்கொண்டிருக்கும். ஊரில் சிலர் வெண்குட்டம் என்று சொல்லி விலகிப் போனார்கள். மற்றவர்கள் அதைவிடச் சுவையான ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

குளத்து வேலை நடந்த காலத்தில் வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வந்து போவார். ஒரு நாள் இவர்கள் படலையில் ஜீப்பை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். நேசமலர் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவ்வளவுதான். அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் நாலு தரம் இருமினார். அது ஆவணி மாதம். அன்றைக்கே அவள் மூன்று மாதக் கர்ப்பத்து வாந்தியோடு கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பிள்ளை மாசியில் பிறந்தது. விரல்விட்டு எண்ணத் தெரிந்த எவருக்கும் விளங்கக்கூடிய கணக்குத்தான். ஆனால் அந்தக் குடியேற்றத்தில் நெல்மூட்டை எண்ணும்போது மட்டும்தான் ஆட்களுக்கு விரல் இருந்தது.

வீரகத்தி அந்தக் கதையை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். சண்டை பிடித்து முடிந்திருக்கும். அவன் செய்தது வேறு. பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழிந்த கையோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வயலிலிருந்த வாடிக் குடிலுக்குப் போனான்.

"யானை இறங்குது. காவல் இருக்கவேணும்," என்றான்.

நெல் நின்ற காலத்தில் அது நியாயம். அறுவடை முடிந்து, சூடும் அடித்து, வெறும் தாள் நிற்கிற வயலையும் அவன் யானையிடமிருந்து காத்தான். நாலு வருஷம் காத்தான். சோற்று நேரத்தில் மட்டும் யானைகள் அவனுக்கு லீவு கொடுத்தன.

ஜீப் வந்தது அப்படி ஒரு சோற்று நேரத்தில்தான். பங்குனி மாதம், அறுபத்தோராம் ஆண்டு. முதலில் இறங்கியவர் இராசேஸ்வரி அம்மா. வவுனியாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் மனைவி. மாதர் சேமநலச் சங்கத்தின் தலைவி. பின்னால் ஒரு இளம் டொக்டர் இறங்கினார். இராசேஸ்வரி அம்மா கதிரையைத் தன் கைலேஞ்சியால் ஒரு தரம் துடைத்தார். பிறகு லேஞ்சியைப் பார்த்தார். பிறகுதான் இருந்தார்.

"பயப்பிடாதையும், பிள்ளை. உம்மைப்போல குறைப்பிள்ளை வைச்சிருக்கிற குடும்பங்களுக்கு உதவி செய்யத்தான் நாங்கள் ஊர் ஊராய்த் திரியிறம்."

"நான் பயப்பிடேல்லை," என்றாள் நேசமலர்.

டொக்டர் யாரையும் கேட்காமல் குசினி வாசலில் போய்க் குந்தினார். யோகனுக்கு முன்னால் விரலை அசைத்துப் பார்த்தார். கையைத் திருப்பி, வெயில் சுட்ட இடத்தைத் தடவினார். வீரகத்தி நிலையில் சாய்ந்து நின்றான்.

"நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?" என்று டொக்டர் கேட்டார். 

"ஓம். அவர் என்ர அம்மாவின்ர தமையன்ர மகன்."

"அப்ப சரி. இது வருத்தமில்லை, அம்மா. ஒருத்தருக்கும் ஒட்டாது. தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் குடுக்கிற சத்து இவருக்கு ஊறேல்லை, அவ்வளவுதான். அந்தக் குறை தாயில மட்டும் இருந்தாலும் இப்பிடிப் பிறக்காது, தகப்பனில மட்டும் இருந்தாலும் பிறக்காது. ரெண்டு பக்கத்திலயும் மறைஞ்சு கிடந்தது ஒண்டாச் சேர்ந்தாத்தான் வெளியில தெரியும்."

நேசமலர் சட்டென்று திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இரண்டு பக்கமும். தகப்பன் இல்லாமல் இந்தப் பிள்ளை இப்படிப் பிறந்திருக்க முடியாது. ஊர் எதைக் காட்டி அவளைப் பழித்ததோ அதுவே அவளுக்குச் சாட்சி சொல்கிறது. நாலு வருஷமாகத் தான் இப்படி ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. வீரகத்தியின் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்த கோப்பையை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளங்கிச்சுதோ, தம்பி?" இராசேஸ்வரி அம்மா அவனுக்கு இலேசாக்கிச் சொல்ல வந்தார். "இரத்தத்தில குற்றம் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் டொக்டர்.

"அவையளுக்கு இப்பிடிச் சொன்னாத்தான் விளங்கும்."

வீரகத்திக்கு விளங்கிவிட்டது. தலையாட்டினான்.

பிறகு இராசேஸ்வரி அம்மா தான் கொண்டுவந்த உதவியை எடுத்து வைத்தார். யாழ்ப்பாணத்தில் இப்படியான பிள்ளைகளைப் பார்க்க ஓர் இல்லம் இருக்கிறது. சங்கம் கடிதம் தந்தால் உடனே எடுப்பார்கள். விட்டுவிட்டால் தாய்க்கும் பாரம் குறையும்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள், அம்மா?" என்று நேசமலர் கேட்டாள்.

"மூண்டு."

"அவையளை எந்த இல்லத்தில விட்டிருக்கிறியள்?"

இராசேஸ்வரி அம்மா எழுந்தார். கொப்பியில் ஏதோ எழுதினார். ஒரு பால்மா டின்னை மேசையில் வைத்துவிட்டு, சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி ஜீப்புக்கு நடந்தார். டொக்டர் மட்டும் பின்தங்கி நின்றார். வெயில் படவிடாதீர்கள், நீளக் கைச் சட்டை போடுங்கள், பள்ளிக்கூடத்தில் முன்வரிசை வாங்கில் இருத்தச் சொல்லுங்கள் என்று அவசரம் அவசரமாகச் சொன்னார். ஜீப் ஹோர்ன் அடித்தது. அவரும் போய்விட்டார்.

பால்மாவை நேசமலர் கரைத்துக் கன்றுக்குட்டிக்கு வைத்தாள். அது ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தது. அதற்கு ஒருவரோடும் கோபமில்லை.

அன்று பின்னேரமே வேலியடியில் வீரகத்தி யாருக்கோ சொல்வது கேட்டது. "இரத்தக் குற்றமாம்." யாருடைய இரத்தம் என்று அந்த ஆள் கேட்கவில்லை. வீரகத்தி வாடிக்குப் போனான். அவளுக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு காலமும் அவன் தன்மேல் சந்தேகப்படுகிறான் என்றுதான் நொந்திருந்தாள். சந்தேகப்படுகிறவன் நிரூபணம் தேடுவான். கிடைத்தால் பாய்ந்து பிடிப்பான். இவனுக்கு அதற்குக்கூடச் சோம்பல். அயலட்டை சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டு இருப்பதுதான் இவனுக்குச் சுகம். இப்படிப்பட்ட ஒருவனுக்காகவா நொந்தேன் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சித்திரை வருஷப் பிறப்புக்குக் கொஞ்ச நாள் முன்பு அன்ஸார் வந்தார். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்று ஊர் முஸ்லிம்; எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன். புடவை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குடியேற்றங்களுக்குள் திரிகிற வியாபாரி. நேசமலர் வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. விறாந்தையில் சீத்தைத் துணிகளை விரித்தபோது, யோகன் யாரும் தடுக்குமுன் ஓடி வந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்து மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தான்.

நேசமலர் அன்ஸாரின் முகத்தைத்தான் பார்த்தாள். இந்த இடத்தில் எல்லா முகமும் ஒரு விதமாகப் போகும். அன்ஸாரின் முகம் ஒரு விதமாகவும் போகவில்லை. பிள்ளையின் காலில் வெயில் விழுவதைக் கண்டு, ஒரு சேலையை எடுத்து விறாந்தைக் கம்பிலிருந்து தொங்கவிட்டார். கை பழக்கத்தில் செய்வதுபோல, கதையை நிறுத்தாமலே செய்தார்.

"இவரைப்போல எங்கட வீட்டிலயும் ஒராள் இருக்கிறா, தங்கச்சி. மூத்த மகள். ஹாலிதா. பதினொரு வயது."

"சீலை விக்கிறதுக்கு உப்பிடியும் ஒரு கதை வைச்சிருக்கிறியளோ, நானா?"

அன்ஸார் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக மடித்து மூட்டையைக் கட்டினார்.

"இண்டைக்கு உங்களுக்கு நான் ஒண்டும் விக்கேல்லை. வைகாசியில மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாறன். தேத்தண்ணிக் கடையில உங்களைப் பற்றி ஒரு கதை கேட்டனான். அதையும் மனிசிக்குச் சொல்லத்தான் வேணும்."

வரமாட்டார் என்று அவள் நினைத்தாள். ஆம்பிளைகள் சொல்லிவிட்டுப் போவதில் எது நடந்திருக்கிறது?

ஆனால் வைகாசியில் ஒரு மத்தியானம் மூன்று பேரும் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தார்கள். முன்னுக்கு அன்ஸாரின் மனைவி சபூறா; ஆளும் பெரிது, குரலும் பெரிது. அவளோடு, முக்காட்டுக்கு மேல் அகன்ற ஓலைத் தொப்பி வைத்து, கை மூடிய சட்டை போட்ட ஒரு பெட்டை. தொப்பியைக் கழற்றியபோது யோகனின் அதே வைக்கோல் தலைமயிர். அதே ஆடுகிற கண். யோகன் அவளுக்குக் கிட்டப் போய், மிகக் கிட்டப் போய், முகத்தை முகத்தோடு வைத்துப் பார்த்தான். அவளும் அப்படியே பார்த்தாள். இரண்டு பேருக்கும் அதுதான் பார்க்கிற தூரம்.

வேலியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சபூறா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"ஏன் அங்க நிண்டு கழுத்தை நீட்டுறியள்? உள்ளுக்க வாங்கோ. தொட்டுப் பாருங்கோ. ஒட்டாது."

ஒருவரும் வரவில்லை.

"எங்கட பக்கம் ஒரு இஞ்சினியரும் வரேல்லை. ஒரு வெள்ளைக்காரனும் தண்ணி கேக்கேல்லை. இவர் எனக்கு மாமி மகன், அவ்வளவுதான். அப்ப என்ர மகள் எங்கயிருந்து வந்தவ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோவன், கேப்பம்."

வேலியில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஒவ்வொருவருக்கும் வீட்டில் வேலை இருப்பது நினைவு வந்தது. நாலு வருஷம் வளர்த்த கதையை விட்டுவிட்டுப் போக அவர்களுக்குக் கால்மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. இவ்வளவு லேசான கதைக்குள்ளா நான் கிடந்தேன் என்று நேசமலர் நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம்தான் வீரகத்தி வயலிலிருந்து வந்தான். விறாந்தையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு சிலேற்றின்மேல் குனிந்திருந்தார்கள். வீரகத்தி ஹாலிதாவைப் பார்த்தான். மகனைப் பார்த்தான். அன்ஸாரைப் பார்த்தான். மறுபடி மகனைப் பார்த்தான். அவன் தோள் இறங்கியது. பெரிய மூச்சு ஒன்று வந்தது.

நேசமலர் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் முகத்தில் வந்தது வெட்கமாக இருந்திருந்தால் அவள் மன்னித்திருக்கவும் கூடும். வந்தது நிம்மதி.

"டொக்டரும் அண்டைக்கு இதைத்தானே சொன்னவர்," என்றான் அவன், அன்ஸாரைப் பார்த்து. "ரெண்டு பக்கமும் எண்டு."

கேட்டிருந்திருக்கிறான். அந்தச் சொல் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. படித்த டொக்டர் சொல்லியும், தாலி கட்டிக்கொண்டவள் இருந்து காட்டியும் உறைக்காதது, இப்போது வேலியிலிருந்த சனம் கலைந்த பிறகு உறைக்கிறது. நேசமலர் குசினிக்குள் போய் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி வைத்தாள். அவனை வெறுக்கிறாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வெறுப்புக்கும் ஆள் கொஞ்சம் பெறுமதியாக இருக்கவேண்டும் என்று பட்டது.

பொழுதுபடும் நேரம் அவன் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"யானை?" என்றாள்.

"இந்த முறை குறைவு."

"ஓம், எல்லாம் இண்டைக்கு மத்தியானம்தான் போயிட்டுதுகள்போல." விறாந்தையைக் காட்டினாள். "அதில போடுங்கோ."

அவன் அதில் போட்டான். நீங்கள், வாங்கோ, போங்கோ என்ற மரியாதையை அவள் கடைசிவரை விடவில்லை. அதற்குள் எவ்வளவு வைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சபூறா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஊருக்கு ஊர் இப்படி எத்தனை பிள்ளைகளைக் குசினிக்குள் வைத்திருக்கிறார்களோ, போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். பூவரசங்குளத்தில் இரண்டு பெட்டைகள் இருக்கிறார்கள் என்று இன்னொரு புடவை வியாபாரி சொல்லியிருந்தார். ஆடி மாதம் நேசமலர் யோகனையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மாங்குளம் போனாள். அங்கே சபூறாவும் அன்ஸாரும் ஹாலிதாவும் காத்து நின்றார்கள். வவுனியாவில் இறங்கி மாறி, பூவரசங்குளம் போய்ச் சேரப் பகல் பன்னிரண்டு மணி ஆயிற்று.

வழி முழுக்க நேசமலர் மனசுக்குள் பேச்சுத் தயாரித்துக்கொண்டு போனாள். அந்த வீட்டிலும் ஒருவன் இருப்பான். பாயைத் தூக்கிக்கொண்டு எங்கோ காவல் இருப்பான். அவனை முற்றத்துக்குக் கூப்பிட்டு, அவனுடைய பெண்சாதிக்கு முன்னால் என்னென்ன கேட்பது என்று ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தாள். வீரகத்தியைக் கேட்காததெல்லாம் அதில் இருந்தது.

அந்த வீட்டுக்காரனுக்கு ஏரம்பு என்று பெயர். பெண்சாதி இல்லை, காய்ச்சலில் செத்து மூன்று வருஷம். விறாந்தையில் குந்தியிருந்து, பழைய சாக்கு ஊசியால் ஒரு ஓலைத் தொப்பிக்குத் துணி விளிம்பு தைத்துக்கொண்டிருந்தான். விளிம்பு கோணல்மாணலாக வந்திருந்தது. இரண்டு மகள்மாரும் பக்கத்தில் இருந்தார்கள். மூத்தவள் அருந்ததிக்கு ஒன்பது வயது. தகப்பன் கரியால் பென்னாம்பெரிய எழுத்தாகச் சுவரில் எழுதிவைத்ததை அவள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

சபூறா தாங்கள் வந்த காரியத்தைச் சொன்னாள். வெயில், சட்டை, முன் வாங்கு என்று தொடங்கியதும் ஏரம்பு தலையாட்டினான். அவனுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. ஒரு டொக்டரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு எங்கே சுடுகிறது, எங்கே கண் கூசுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருந்தான். காலையில் சைக்கிளின் முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. மேலே கம்பு கட்டி ஓலை மறைப்பு. அப்படித்தான் பள்ளிக்கூடம்.

"சனம் ஒண்டும் கதைக்கேல்லையோ?" என்று நேசமலர் கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"கதைக்காமல்? என்ர மனிசியைப் பற்றி என்னவெல்லாமோ கதைச்சவை." ஏரம்பு நூலைக் கடித்து அறுத்தான். "எனக்கு என்ர பிள்ளையைத் தெரியாதோ, அக்கா? உந்த மூக்கைப் பாருங்கோ. என்ர மூக்கு. நிறம் இல்லாட்டி மூக்கு இல்லாமல் போயிடுமோ?"

அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. மூக்கைப் பார்த்திருக்கிறான், முடிந்தது.

நேசமலர் யோகனைத் திரும்பிப் பார்த்தாள். வலது காது மடலின் மேல்நுனி கொஞ்சம் மடிந்திருந்தது. வீரகத்தியின் காது அப்படியே. பிறந்த நாள்முதல் அப்படித்தான் இருந்தது. அவள் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். அவன் ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் போதும். டொக்டர் தேவையில்லை; தண்ணீரூற்றிலிருந்து ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்து சாட்சி சொல்லவும் தேவையில்லை.

ஆம்பிளைகள் இப்படித்தான் என்றுதான் இவ்வளவு நாளும் அவள் தன்னைத் தேற்றி வைத்திருந்தாள். அந்தத் தேறுதலை ஏரம்பு கெடுத்துவிட்டான். கொண்டுபோன பேச்சை யாருக்கும் சொல்லாமல், அவன் கோணலாகத் தைத்த தொப்பியை வாங்கி, தையலைப் பிரித்து, ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் அவள் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

அன்று கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது வீரகத்தி பஸ் நிற்கிற இடத்தில் நின்றான். தூங்கிப்போன யோகனைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

"அங்க எப்பிடி?" என்று கேட்டான்.

"அங்க ஒரு தகப்பன் இருக்கிறார்," என்றாள்.

அவன் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

பிறகும் அவர்கள் போனார்கள். பளைப் பக்கம் ஒரு வீடு. முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு வீடு. சில வீடுகளில் படலையைத் திறக்கவே இல்லை. சபூறா கதைப்பாள், நேசமலர் புருஷன்மாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே இரண்டு பேர் பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததாகச் சபூறா சொல்லிச் சிரிப்பாள்.

மார்கழியில் இராசேஸ்வரி அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சங்கத்தின் முயற்சியால் வன்னியில் இப்பிள்ளைகள் பற்றிய அறியாமை நீங்கி வருவது மகிழ்ச்சி தருகிறது என்றும், ஆண்டு விழாவில் இரு தாய்மாரும் பிள்ளைகளோடு மேடைக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. நேசமலர் ஒரு போஸ்காட்டில் பதில் எழுதினாள். மேடைக்கு வர நேரமில்லை. ஐந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டும். வயதும் பெயரும் கீழே. சங்கத்திலிருந்து பதில் இல்லை. ஆனால் தை பிறக்குமுன் அந்த இளம் டொக்டர் ஒரு சனிக்கிழமை தன்பாட்டில் வந்து பிள்ளையின் கண்ணைச் சோதித்து அளவு எழுதிக்கொண்டு போனார்.

தையில் யோகனைப் பள்ளிக்கூடம் சேர்க்கிற நாள் வந்தது. தானே கூட்டிப்போவதாக வீரகத்தி முதல் நாளே சொல்லியிருந்தான். மாங்குளத்தில் புதுக் குடை ஒன்றும் வாங்கி வந்திருந்தான். நேசமலர் மகனுக்கு நீளக் கைச் சட்டை போட்டு, தலை சீவி, படலைவரை கொண்டுவந்து விட்டாள்.

இருவரும் பள்ளிக்கூட ரோட்டில் நடந்தார்கள். இரண்டு பக்க வேலியிலும் தலைகள் தெரிந்தன. வீரகத்தி ஒருவரையும் பார்க்காமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, விறைத்துப்போய் நடந்தான். குடை விரிந்துதான் இருந்தது. ஆனால் அது அவன் தலைக்கு மேலே இருந்தது. பிள்ளை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ!" என்று நேசமலர் படலையிலிருந்து கத்தினாள். வேலியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "குடையைப் பிள்ளைக்குப் பிடியுங்கோ!"

வீரகத்தி திடுக்கிட்டு நின்றான். குடையைச் சரித்துப் பிடித்தான். அதன் கம்பி நுனி பிள்ளையின் தலையில் இடித்தது. பிறகு ஒரு கையால் பிள்ளையின் தோளைத் தன் பக்கம் இழுத்து, குடையைத் தாழ்த்தி, குனிந்தபடியே நடக்கத் தொடங்கினான். அப்படிக் குனிந்தால்தான் சரியாக வந்தது.

நேசமலர் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படலையைச் சாத்திவிட்டு, அடுப்பில் வைத்த உலையைப் பார்க்கப் போனாள்.